பெற்றோர் கூட்டத்துக்கு 26 பேரில் 7 பேர்தான் வந்தார்கள். வகுப்பில் நடப்பதை வீட்டுக்கு எப்படிச் சொல்கிறீர்கள்?

#1 மூன்றாம்வகுப்பு டீச்சர்

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். மொத்தம் 26 பிள்ளைகள். போன வெள்ளிக்கிழமை மதியம் 3 மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்தோம். வந்தது 7 பேர். அதில் 3 பேர் பாட்டிகள்.

வந்தவர்களிடம் என்ன பேசினேன் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு, கற்றல் விளைவு, நிலை என்று கால் மணி நேரம் பேசிவிட்டேன். எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஓர் அம்மா மட்டும் வாசலில் தயங்கி நின்றார். "டீச்சர், எம்பிள்ளைய அரும்புல போட்டுட்டீங்களாமே. பக்கத்து வீட்டுப் பிள்ளை மலராம். இவ என்ன தப்பு பண்ணுனா?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.

வெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் விட்டுப்போனது. அதைச் சரிசெய்ய 2022 ஜூனில் அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 1 முதல் 3 வகுப்பு வரை, அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் வந்தது. அதில் பிள்ளை இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அந்தந்தக் குழுவுக்கு ஏற்ற பயிற்சி கொடுப்போம். இது மார்க் கிடையாது, பாஸ் ஃபெயிலும் கிடையாது. பிள்ளை கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள அடுத்த நிலைக்குப் போய்விடும்.

அந்த அம்மாவுக்கு இதை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவருடைய மகள் ஜூனில் 'மரம்' என்ற சொல்லையே எழுத்து எழுத்தாகப் பிய்த்து வாசித்தாள். இப்போது கால், சுழி வருகிற சொற்களை நிறுத்தாமல் வாசிக்கிறாள். கொம்பு வந்தால்தான் தடுமாறுகிறாள். அன்றைக்கு இந்த நாலு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்.

நீங்கள் எந்த நேரத்தில், எந்த வழியில், எந்தச் சொற்களில் பெற்றோருக்குச் சொல்கிறீர்கள்? ஆசிரியர்களும் சொல்லுங்கள், பெற்றோர்களும் சொல்லுங்கள்.

#2 ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அம்மா, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 24-ஐ எடுத்துப் பாருங்கள். பெற்றோரை முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் முன்னேற்றம் எல்லாவற்றையும் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்று அதில் இருக்கிறது. நேரத்துக்கு வருவது, பாடத்தை முடிப்பது ஆகியவற்றோடு அதே பட்டியலில்தான் இதுவும் வருகிறது. நம்மில் பலர் இதை ஓர் உபரி வேலையாகவே நினைத்துவிட்டோம்.

என் அனுபவத்தில் பெற்றோர் மனத்தில் மூன்று கேள்விதான் இருக்கும். வாசிக்கிறானா? கணக்குப் போடுகிறானா? சொன்ன பேச்சு கேட்கிறானா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் சொல்லிவிட்டு அப்புறம் மற்றதைப் பேசினால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது எங்கள் ஊரில் பெரிய சண்டையே வந்தது. "வாத்தியார் போர்டில் எழுதுறதே இல்லை, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அட்டையை வைத்து விளையாடுதுகள்" என்று ஊரே திரண்டு வந்துவிட்டது. பிறகு ஒரு நாள் ராத்திரி கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு, பிள்ளைகளையே அட்டைகளோடு உட்கார வைத்துச் செய்து காட்டச் சொன்னோம். கேள்வி கேட்டவர்களே கடைசியில் அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். நீங்களும் ராத்திரி 7 மணிக்கு மேல் மண்டபத்தில் வைத்துப் பாருங்கள்.

#3 ரெண்டு பிள்ளை அம்மா

டீச்சர், நான் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறவள். காலை 7.30-க்கு வேன் வந்துவிடும், திரும்பி வர 6 மணி. மதியம் 3 மணிக்குக் கூட்டம் என்றால் அன்றைய கூலி போய்விடும். ஒரு நாள் கூலி என்பது எங்களுக்கு ஒரு வாரக் காய்கறி. வராதவர்களுக்குப் பிள்ளை மேல் அக்கறை இல்லை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் தகவல் வருகிறது. பாதி நேரம் மேலே இருந்து வந்த சுற்றறிக்கையை அப்படியே போட்டுவிடுகிறார்கள். நான் பத்தாவது படித்தவள், எனக்கே இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்.

நீங்கள் உங்கள் குரலில் ஒரு நிமிஷம் பேசி அனுப்புங்கள். பாத்திரம் விளக்கிக்கொண்டே கேட்டுவிடுவோம். டீச்சர் குரல் என்றால் பிள்ளையும் ஓடி வந்து கேட்கும்.

#4 ஈராசிரியர் பள்ளி

டீச்சர் கேட்பது நியாயம். ஆனால் எங்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் 2 பேர், 5 வகுப்பு. வருகைப்பதிவு செயலியில், மதிப்பீடு செயலியில், நலத்திட்டப் பொருள்கள் கொடுத்த கணக்கும் செயலியில். சிக்னல் கிடைக்க வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். இதற்கு மேல் வீட்டுக்கு வீடு தனித்தனிச் செய்தி அனுப்பு என்றால் யாரால் முடியும்?

அதனால் நாங்கள் செய்வது ஒன்றே ஒன்று. பள்ளி வாசலில் ஒரு பழைய கரும்பலகையை மாட்டியிருக்கிறோம். திங்கள் காலையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அழகான கையெழுத்தில் எழுதுவாள். போன வாரம் இருந்தது இது:

"1, 2 வகுப்பு: ஊரில் உள்ள மரங்களின் பெயர் சொல்லி எழுதுகிறோம். 3ஆம் வகுப்பு: கடைக் கணக்கு, மீதிச் சில்லறை. 4, 5: கடிதம் எழுதுகிறோம். வியாழன் அன்று ஒரு காலி தீப்பெட்டி கொண்டு வரவும்."

இவ்வளவுதான். காலை உணவுக்கு 8.15-க்குப் பிள்ளையைக் கொண்டு விடுகிற அம்மாவோ தாத்தாவோ நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளையே வாசித்துச் சொல்லும். அங்கே சமைக்கிற மகளிர் குழு அக்காக்களும் எங்கள் பள்ளிப் பெற்றோர்தான். என்ன எழுதியிருக்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் தலைமையாசிரியர் ஐயாவுக்கு ஒன்று. கோயில் மண்டபம் வேண்டாம் ஐயா. எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் காலனியிலிருந்து வருகிறார்கள். அந்த மண்டபத்தில் கூட்டம் வைத்தால் அவர்கள் வீட்டிலிருந்து ஒருவர்கூட வரமாட்டார்கள். பள்ளி வளாகத்திலேயே விளக்கைப் போட்டு வைத்தால் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்.

#5 ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

நீங்கள் சொல்வது சரி தம்பி. அன்றைக்கும் மண்டபத்துக்குக் காலனியிலிருந்து யாரும் வரவில்லை. அடுத்த வாரம் அங்கே தனியாக ஒரு கூட்டம் வைத்தோம், அதையே பெரிய காரியமாக நினைத்துக்கொண்டோம். முதலிலேயே பள்ளியில் வைத்திருக்க வேண்டும். என் யோசனையைத் திருத்திக்கொள்கிறேன்.

#6 கோவை அப்பா

என் மகள் தனியார் பள்ளியில் 2ஆம் வகுப்பு. எங்களுக்கு உங்கள் பிரச்சினைக்கு நேர்மாறான பிரச்சினை. செயலியில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தகவல் வருகிறது. "பக்கம் 34, 35 முடிக்கவும்." "நாளை மஞ்சள் நிற உடை." "கட்டணம் நினைவூட்டல்." டைரியில் தினமும் கையெழுத்து வேறு. ஆனால் மகள் என்ன கற்றுக்கொண்டிருக்கிறாள், எதில் நிற்கிறாள் என்று கேட்டால் எனக்கும் தெரியாது, என் மனைவிக்கும் தெரியாது. பக்கம் 34-இல் என்ன சொல்லிக்கொடுக்க நினைத்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

வீட்டுப்பாடமும் அப்படித்தான். 2ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது, 3 முதல் 5 வரை வாரத்துக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் 2020 பள்ளிப் பை கொள்கையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் ராத்திரி 9 மணிக்கு அழுகை. ஆசிரியரிடம் கேட்டால் "மற்ற பெற்றோர் கேட்கிறார்கள் சார், கொடுக்காவிட்டால் பாடம் நடக்கவில்லை என்கிறார்கள்" என்கிறார். அவர் சொல்வதும் பொய் இல்லை. வீட்டுப்பாடம் ஒன்றுதான் வகுப்பில் என்ன நடக்கிறது என்று எங்களுக்குக் காட்டுகிறது. அதை நிறுத்தினால் வேறு எதையாவது காட்ட வேண்டும் அல்லவா?

#7 கண்டிப்பான அப்பா

எல்லோரும் நல்லபடியாகப் பேசுகிறீர்கள். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. நான் ஆட்டோ ஓட்டுகிறேன், மகன் அரசுப் பள்ளியில் 3ஆம் வகுப்பு. எங்கள் காலத்தில் ரேங்க் கார்டு வரும். 100-க்கு 72, ரேங்க் 9. அப்பா பார்த்தார், கையெழுத்துப் போட்டார், விஷயம் முடிந்தது. இப்போது அரும்பு, மொட்டு, மலர் என்கிறீர்கள். எனக்குச் சத்தியமாக ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளை மனசு நோகக் கூடாது என்று பூப்போட்ட பெயர் வைத்து உண்மையை மறைக்கிறீர்களோ என்றுதான் தோன்றுகிறது. எட்டாவது வரை ஃபெயில் கிடையாது என்பதால் ஒன்பதாவதில் போய் உட்கார்ந்தபிறகுதான் பையனுக்கு வாசிக்கவே வராது என்று தெரிகிறது. என் அண்ணன் மகனுக்கு அதுதான் நடந்தது. எனக்கு மார்க் வேண்டும்.

#8 மூன்றாம்வகுப்பு டீச்சர்

அண்ணா, உங்கள் பயம் நியாயமானது. அதற்காகத்தான் இந்த இழையையே தொடங்கினேன். பெயர் மட்டும் சொல்லிவிட்டு விட்டால் மறைப்பது போலத்தான் ஆகும். ஆனால் மார்க் சொன்னாலும் பாதிதான் தெரியும். என் வகுப்பில் ஒரு பையனின் நோட்டை அப்படியே சொல்கிறேன், பாருங்கள்.

58-இலிருந்து 24-ஐக் கழி. 34 என்று போட்டிருக்கிறான். சரி. 79-இலிருந்து 36. அதுவும் சரி. 52-இலிருந்து 27-ஐக் கழி. 35 என்று போட்டிருக்கிறான். தப்பு, 25 வர வேண்டும். 61-இலிருந்து 18. அதற்கு 57 என்று போட்டிருக்கிறான். 43 வர வேண்டும்.

மார்க் போட்டால் 4-க்கு 2, அதாவது 100-க்கு 50. வீட்டில் என்ன நடக்கும்? "கணக்கு வரல, ஒழுங்கா படி" என்று ஒரு திட்டு. ஆனால் தப்பை உற்றுப் பார்த்தால், 2-இல் 7 போகாது என்றதும் அவன் திருப்பிப் போட்டு 7-இல் 2-ஐக் கழித்திருக்கிறான். அடுத்ததிலும் அதே. அவனுக்குக் கழித்தல் தெரியும், ஒரு பத்தை உடைத்து ஒன்றுகளாக்கத்தான் தெரியவில்லை. நாம் படித்த காலத்தில் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்றோமே, அதுதான். மீதம் இருக்கிற வேலை ஒரு வார வேலை.

இதற்கு நான் வகுப்பில் மருந்து முக்காத தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். 5 கட்டு, 2 குச்சி. 27 எடுக்க வேண்டும் என்றால் ஒரு கட்டை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். கையால் அவிழ்த்த பிள்ளைக்கு நோட்டில் ஏன் 5-ஐ அடித்து 4 போடுகிறோம் என்று சொல்லவே வேண்டாம். வீட்டில் பார்க்கிறவர்களுக்கு இது குச்சி வைத்து விளையாடுவதாகத் தெரியும், ஏன் என்று நாங்கள் சொல்லாததால்.

உங்கள் மகனுடைய டீச்சரிடம் போய், "எந்தக் கணக்கைத் தப்பாகப் போடுகிறான், நோட்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கட்டாயம் காட்டுவார்.

#9 கண்டிப்பான அப்பா

டீச்சர், நீங்கள் இப்போது சொன்னது புரிகிறது. 50 மார்க் என்று சொல்லியிருந்தால் அடித்திருப்பேன், அது உண்மை. நாளைக்குச் சவாரிக்கு முன்னால் பள்ளிக்குப் போய்க் கேட்கிறேன்.

#10 பெரியம்மா

அடிக்கிற பேச்சு வந்ததால் சொல்கிறேன். என் தங்கை மகன் படித்த பள்ளியில் ஒரு டீச்சர் மொத்தப் பட்டியலையும் போட்டோ எடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டுவிட்டார். யார் யார் எந்த நிலை, யார் எத்தனை நாள் லீவு, எல்லாம் பெயரோடு. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஒரே வேலையாக முடியட்டும் என்று செய்தார். அன்றைக்கு ராத்திரி அந்தத் தெருவில் மூன்று வீட்டில் அடி விழுந்தது. பையன் மறுநாள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். 7 வயது.

வகுப்புக்குப் பொதுவானதைக் குழுவில் சொல்லுங்கள். ஒரு பிள்ளையைப் பற்றியதை அந்தப் பிள்ளையின் வீட்டில் மட்டும் சொல்லுங்கள். குறையைச் சொன்னால் கூடவே வீட்டில் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். கைக்கு ஒரு வேலை இல்லாவிட்டால் அப்பன்மார் கை பிரம்பைத்தான் தேடும்.

#11 திருப்பூர் ஆசிரியை

எங்கள் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு ஒடிசா, பீகாரிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். பிள்ளைகள் ஆறே மாதத்தில் தமிழ் பேசிவிடுகிறார்கள், பெற்றோருக்கு வராது. அதனால் நான் சொல்வதைப் பிள்ளைதான் மொழிபெயர்க்கும். ஒரு நாள், "ரெண்டு வாரமாக நோட்டு கொண்டு வருவதில்லை" என்று நான் சொன்னதைக் கேட்டு அவன் அப்பா சந்தோஷமாகச் சிரித்துக் கும்பிட்டார். அப்போதுதான் பையன் வேறு எதையோ சொல்லியிருக்கிறான் என்று விளங்கியது.

இப்போது அந்தக் குடும்பங்கள் இருக்கிற வளவிலேயே குடியிருக்கிற, தமிழும் இந்தியும் தெரிந்த ஓர் அக்காவிடம் கேட்டு இந்தியில் குரல்பதிவு போட வைக்கிறேன். பொது விஷயத்துக்கு மட்டும்தான் அது. தனிப்பட்டது என்றால் நோட்டைத் திறந்து விரலால் காட்டுகிறேன். ஜூன் மாதப் பக்கம், இந்த மாதப் பக்கம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மொழியே தேவைப்படவில்லை.

#12 ரெண்டு பிள்ளை அம்மா

டீச்சர், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் பாட்டி பிள்ளையை உட்கார வைத்து அ, ஆ-விலிருந்து 247 எழுத்தையும் வரிசையாக எழுதச் சொல்கிறார். பள்ளியில் ட, ப, ம என்று தொடங்கிப் படம், பட்டம் என்று போகிறீர்கள். வரிசை தெரியவில்லை என்று பாட்டிக்குக் கோபம். பிள்ளை நடுவில் கிடந்து முழிக்கிறது.

#13 மூன்றாம்வகுப்பு டீச்சர்

அக்கா, பாட்டி சொல்லித்தருவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். வரிசை பிறகு தேவைப்படும். எழுத எளிதான எழுத்துகளில் தொடங்கினால் நாலு எழுத்து தெரிந்த உடனே பிள்ளை ஒரு சொல்லை வாசித்துவிடும், அந்தச் சந்தோஷத்தில் அடுத்த எழுத்துக்கு வரும். அதற்காகத்தான் அப்படித் தொடங்குகிறோம். பாட்டியிடம் ஒரு வேலை மட்டும் கொடுங்கள். ராத்திரி பிள்ளை ஒரு பக்கம் வாசிக்கட்டும், பாட்டி கேட்கட்டும். பாட்டிக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கதை புரிகிறதா என்று கேட்டால் போதும்.

இந்த இழையைப் படித்துத்தான் அடுத்த கூட்டத்தை மாற்றுகிறேன். வந்து சொல்கிறேன்.

#14 மூன்றாம்வகுப்பு டீச்சர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வியாழக்கிழமை மாலை 7 மணிக்குப் பள்ளி வளாகத்திலேயே இரண்டு விளக்கைப் போட்டுக் கூட்டம் வைத்தோம். 19 வீட்டிலிருந்து வந்தார்கள். அப்பாக்கள் 6 பேர்.

நான் பேசியது ஐந்து நிமிடம் இருக்கும். அரும்பு, மொட்டு, மலர் என்றால் என்ன, 9.10-க்குள் பிள்ளை ஏன் வந்துவிட வேண்டும், கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்குப் போனால் எத்தனை நாள் என்று முன்கூட்டியே ஏன் சொல்ல வேண்டும் என்பது மட்டும். மீதி நேரம் பிள்ளைகளுடையது. ஒவ்வொரு பிள்ளையும் அவரவர் வீட்டு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, ஜூன் பக்கத்தைக் காட்டி, இப்போதைய பக்கத்தை வாசித்துக் காட்ட வேண்டும். நான் ஒவ்வொருவரிடமும் போய் அந்தப் பிள்ளையைப் பற்றி இரண்டு வாக்கியம் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

போன கூட்டத்தில் வாசலில் தயங்கி நின்ற அந்த அம்மா வந்திருந்தார். மகள் 'கொக்கு பறந்தது' என்ற பக்கத்தை எடுத்தாள். 'கொ'-வில் நின்றாள். ஒற்றைக் கொம்பையும் காலையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். உதட்டைக் குவித்துக் 'கொ' என்றாள். அப்புறம் வரி முழுவதையும் வாசித்துவிட்டாள். அம்மா நோட்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், மகள் நேராகத் திருப்பிக் கொடுத்தாள். அப்போதுதான் அவருக்கு எழுத்து தெரியாது என்பதே எனக்குத் தெரிந்தது. இரண்டு வருடமாக இந்த அம்மாவுக்கு நாங்கள் எழுத்தில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இன்னொரு பக்கம், கழித்தலைத் திருப்பிப் போடுகிற பையனின் பாட்டி. சின்ன வயதில் வீட்டிலிருந்தே தீப்பெட்டிக்கான குச்சிகளைக் கட்டையில் அடுக்கியவர். அவன் பத்துக் கட்டை அவிழ்க்கத் தயங்கியதும், "அட, பிரிக்காம எப்படி எடுப்ப?" என்று வாங்கி அவிழ்த்துக் கொடுத்தார். நான் ஒரு வாரமாகச் சொன்னதும் அதேதான். மறுநாள் ஐந்து கணக்கில் நாலு சரியாகப் போட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குரல்பதிவு அனுப்ப ஆரம்பித்திருக்கிறேன். இந்த வாரம் அனுப்பியது: "வணக்கம், மூணாம் வகுப்பு டீச்சர் பேசுறேன். இந்த வாரம் பிள்ளைங்க பத்தைப் பிரிச்சுக் கழிக்கக் கத்துக்கிட்டாங்க. கடைக்கு அனுப்பும்போது அம்பது ரூபா கொடுத்து, மீதி எவ்வளவு வரும்னு முன்னாடியே கேளுங்க. திங்கக்கிழமை எல்லாரும் ஒரு இலை கொண்டு வரணும், என்ன மரத்து இலைனு தெரிஞ்சுக்கிட்டு வரணும்." 40 வினாடி. பதிலுக்கு 11 குரல்பதிவு வந்தது. அதில் இரண்டு பிள்ளைகள் பேசியவை.

ஈராசிரியர் பள்ளி சார், வாசல் பலகை யோசனையையும் எடுத்துக்கொண்டோம். பலகை கிடைத்துவிட்டது, மழைக்கு மேலே ஒரு தகடு அடிக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லியிருக்கிறேன், தலைவியாக இருக்கிற அம்மா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வராத 7 வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.

#15 ரெண்டு பிள்ளை அம்மா

டீச்சர், அந்த 7 வீட்டில் எங்களைப் போல வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால் சனிக்கிழமை மட்டும் கூட்டம் வேண்டாம். எங்கள் பக்கம் அன்றுதான் வாரச் சம்பளம், வரவே 8 மணி ஆகிவிடும், அப்புறம் சந்தை. ஞாயிறு காலை 10 மணி என்றால் எல்லோரும் வீட்டில் இருப்போம். உங்களுக்கு அது லீவு நாள், அதனால்தான் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

#16 மூன்றாம்வகுப்பு டீச்சர்

தயங்காதீர்கள் அக்கா. வருகிற ஞாயிறு 10 மணிக்கு அந்த 7 வீட்டுக்கும் நானே நோட்டுகளை எடுத்துக்கொண்டு போகிறேன்.